சின்னப் பொத்தான்

‘கம்ப்யூட்டர் ஆன் ஆகல’ என்பவர்கள் இரண்டு வேறு நிலைகளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள். விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும், அது ஒன்று. பொத்தானை அழுத்தினால் சத்தமும் வராது, வெளிச்சமும் வராது, இது இன்னொன்று. எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது.

அது தம்பியின் கணினி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது, பகுதிநேர வேலையில் சேர்த்த காசில், சிம் லிம் ஸ்கொயரின் மாடிகளில் ஏறி இறங்கி, மாதத்துக்கு ஒரு பாகமாக வாங்கித் தானே பூட்டியது. பெட்டி மட்டும் யாரோ பயன்படுத்திய பழையது. அதன் முன் உட்கார்ந்த இரண்டு வருடமும் அவன் எங்களோடு பேசியது குறைவு. அம்மா சோற்றுத் தட்டைக் கதவுக்குள் நீட்டுவார். ஹெட்போனைக் கழற்றாமலேயே வாங்கிக்கொள்வான். “அந்தப் பெட்டிதான் எம் புள்ளைய முழுங்கிருச்சு” என்பார் அம்மா.

பிறகு தேசிய சேவை வந்தது. புலாவ் தெக்கோங்குக்குக் கிளம்பும் முன் என்னிடம் சொன்னான்: “அக்கா, நான் இல்லாதப்ப நீ யூஸ் பண்ணிக்க. சும்மா மூடி வைக்காத.”

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அது எழவில்லை. அம்மாவுக்கு அது வெறும் கோளாறாகத் தெரியவில்லை. “புள்ள அங்க இருக்கிற நேரத்துல இப்படி ஆவுது. எனக்கு மனசே சரியில்ல. இத மொதல்ல வீட்ட விட்டு எடு, ஒரு லேப்டாப் வாங்கிக்க” என்றார்.

இரவு ஓய்வு நேரத்தில் தம்பி கூப்பிட்டபோது சொன்னேன். பதறுவான் என்று நினைத்தேன். “சரி, ஒண்ணொண்ணா பாப்போம். ஒரு தடவைக்கு ஒரு பொருளத்தான் மாத்தணும், ஓகேவா? ரெண்ட மாத்துனா எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும்.”

சுவரிலிருந்து தொடங்கினோம். அதே இடத்தில் செருகிய மேசை விளக்கு எரிந்தது. நம் மூன்று முனை பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அது போனாலும் இதே மௌனம்தான். திரையின் கேபிளும் அதே வகை என்பதால் கழற்றி மாட்டினேன். மாற்றமில்லை. பவர் சப்ளையின் பின்னாலிருக்கும் சுவிட்சும் ஆனில்தான் இருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னான்.

“உள்ள மூலையில ஒரு குட்டி லைட் எரியுதா?”

எரிந்தது. அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்புக்கு முன்னால், மேசைக் கணினியின் பொத்தான் பெரும்பாலும் சுவர் மின்சாரத்தையே நேரடியாக வெட்டிச் சேர்த்தது. இப்போது அப்படியில்லை. கணினி அணைந்திருக்கும்போதும் பவர் சப்ளை, சுவரின் 230 வோல்ட்டை மாற்றி, 5 வோல்ட்டாகத் தாய்ப்பலகைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பொத்தானின் வேலை, இரண்டு ஊசிகளை ஒரு கணம் இணைப்பது மட்டுமே. அதை உணர்ந்து தாய்ப்பலகைதான் பவர் சப்ளையை முழுதாக எழுப்புகிறது. குட்டி விளக்கு எரிகிறது என்றால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறார். கதவு மணி வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

“நாளைக்குப் பாப்போம், லைட்ஸ் ஆஃப் ஆகப்போவுது” என்று வைத்துவிட்டான்.

மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினேன். அசைவில்லை. இரண்டு ரேம்களில் ஒன்றை எடுத்தேன். அப்போதும் இல்லை. “பவர் சப்ளைய மட்டும் எக்காரணத்துக்கும் திறந்துடாத அக்கா” என்று இரண்டு முறை சொன்னான். அதற்குள்ளிருக்கும் மின்தேக்கிகள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தாக்கும் அளவு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கக்கூடும். கடைசியாக, “பவர் எஸ்டபிள்யூன்னு எழுதியிருக்கிற குட்டி கனெக்டர உருவு. பிளக்கப் போட்டுட்டு, அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால ஒரு செகண்டு தொடு. வேற பின்னத் தொட்டுடாத.”

தொட்டேன். விசிறி சுழன்றது.

“கேட்டுச்சு, கேட்டுச்சு” என்று அங்கிருந்து கத்தினான். கெட்டது பழைய பெட்டியின் பொத்தான். சில காசு பெறாத சின்னச் சுவிட்சு. விலை கூடிய பாகங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. வீட்டுச் சண்டைகளில் நாங்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வோம். நாலைந்தை ஒரே மூச்சில் மாற்றச் சொல்வோம். ஆகப் பெரியதையே முதலில் சந்தேகிப்போம். இரண்டு வருடம் அவன் பேசவே மாட்டான் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். அவனுக்குத் தெரிந்ததைப் பற்றி நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது, கையில் ஸ்க்ரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா சாப்ட்டாங்களா?” என்றான். போனை அவரிடம் கொடுத்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. நீண்ட நேரம் பேசினார்கள்.

ரீசெட் பொத்தானும் அழுத்தியதும் ஒரு கணம் இணைத்து விடும் அதே வகைதான். அதன் கனெக்டரை எடுத்து பவர் ஊசிகளில் செருகச் சொன்னான். இப்போது பெரிய பொத்தான் வெறும் அலங்காரம். கணினியை எழுப்புவது கீழே இருக்கும் சின்னது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், பழக்கத்தில் பெரியதை அழுத்திவிட்டு விழித்தான்.

“அதில்லடா, சின்னத அழுத்து” என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.