பணிக்கொடை

குற்றாலத்தில் சாரல் விழுகிற நாளில் எழுத்து வேலையை மூட்டை கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவனைப் போல அசடு வேறு யாரும் இருக்க முடியாது. 2018-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாம் அந்த அசட்டுக் காரியத்தைச் செய்தோம். தென்காசிக்கு அருகே குத்துக்கல்வலசையில் உறவினர் வீட்டில் ஜாகை. (தென்காசி தனி ஜில்லா ஆனது 2019 நவம்பரில், அப்போது திருநெல்வேலியோடுதான் இருந்தது.) வீட்டிலுள்ளோர் விடியற்காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் புறப்படுவார்கள். நாமோ திண்ணையில் அமர்ந்து, நண்பர் ஒருவர் தம் தொழிற்சாலைக்காக அனுப்பியிருந்த காகிதக் கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். இடப்பக்கக் கட்டங்களில் வேலை சம்பந்தமான இங்கிலீஷ் வார்த்தைகள் சுமார் நானூறு. வலப்பக்கக் கட்டங்கள் காலி. அவற்றைத் தமிழால் நிரப்பிக் கொடுக்கவேண்டும்.

தொடக்கத்தில் காரியம் சுலபமாகவே நடந்தது. தமிழை ஆட்சி மொழியாக்கும் சட்டம் 1956 டிசம்பரில் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியதும், அடுத்த ஆண்டே ஆட்சிச் சொல் அகராதி வெளிவந்துவிட்டது. அதன் பின் எத்தனையோ பட்டியல்கள். பார்த்து எழுத வேண்டியதுதானே? ‘காஷுவல் லீவு’ என்றால் தற்செயல் விடுப்பு. தற்செயலாக நேரப்போகும் காரியத்துக்கு மூன்று நாள் முன்னதாக விண்ணப்பம் போடச் சொல்லும் விநோதத்தை நாம் ஏற்படுத்தவில்லை. ஆதலால் எழுதிவிட்டு மேலே சென்றோம். ‘ஏர்ன்டு லீவு’ ஈட்டிய விடுப்பு. உறவினர் வீட்டுச் சிறுவன் எட்டிப் பார்த்து, “ஈட்டியா? வேலும் ஈட்டியுமா?” என்று கேட்டான். அவனை அருவிக்கு அனுப்பி வைத்தோம்.

சில சொற்கள் அகராதியில் இல்லாமல் தெருவில் இருந்தன. ‘டெட்லைன்’ என்பதற்கு ‘இறுதிக் காலவரை’ என்று எழுதி, அதையே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்த் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். “கெடுன்னா போதாதா, அண்ணாச்சி? சனிக்கெழமை கெடு வச்சிருக்காவ, எங்களுக்கு” என்றாள். போதும், தாயே! எத்தனையோ வியாஜ்யங்களிலும் கடன் பத்திரங்களிலும் குடியிருந்த பழைய சொல் நமக்கு நினைவு வராமற் போயிற்று. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சி. பேச்சுத் தமிழின் உயிரை ஓயாமல் எடுத்துச் சொன்னவர். அவருடைய ஊருக்கு அருகில் உட்கார்ந்துகொண்டே நாம் இப்படி எழுதியிருந்தோம்.

இதில் வெட்கப்படுவதற்கும் அதிகமில்லை. ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடிப் பாரதியாரே களைத்துப் போயிருக்கிறார். ஏதேதோ பதங்களை வைத்துப் பார்த்து, ஒன்றும் மனசுக்குப் பொருந்தாமல், கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டதாக ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ‘உறுப்பினர்’ என்பது இன்று யார் வாயிலும் தடங்கலில்லாமல் வருகிறது. ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லுக்கோ யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருப்பதில்லை. ஆகவே புதுச் சொல் என்றதும் முகம் சுளிப்பவர்களோடு நமக்கு உடன்பாடு கிடையாது.

இந்த மனோபாவத்தில் இருக்கும்போதுதான் அடுத்த வீட்டு ஆச்சி வந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். அவளுடைய கணவர் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். தை மாதத்தில் காலமாகிவிட்டார்.

“தம்பி, அவிய போயி ஆறு மாசம் ஆவப் போவுது. மாசியிலேயே மில்லுலேந்து கொடைக்கு எழுதியிருந்தாவ. எந்தச் சாமிக்குக் கொடை, தலைக்கட்டுக்கு எம்புட்டு வரின்னு பாத்துச் சொல்லுங்க. இப்ப என்கிட்ட ஏது பணம்? அதான் பெட்டியிலேயே போட்டு வச்சிட்டேன்.”

திருநெல்வேலிச் சீமையில் கொடை என்றால் அம்மன் கோயில் கொடை; சுடலைமாடன் கொடை. வில்லுப்பாட்டும் மேளமும், வீட்டுக்கு வீடு வரி வசூலும் சேர்ந்தது. ஆச்சி எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவள் வாசித்த மட்டில் தவறில்லை. கடிதத்தில் ‘பணிக்கொடை’ என்று இருந்தது. 30 நாட்களுக்குள் என்று இருந்தது. ஏதோ பணம் கேட்கிறார்கள் என்று எண்ணிவிட்டாள்.

நமக்குச் சொரேர் என்றது. ‘கிராஜுவிட்டி’ என்ற வார்த்தைக்கு நேரே நாமும் முந்தின நாள்தான் பணிக்கொடை என்று எழுதி, அமைப்பு அழகாயிருப்பதாக நமக்கு நாமே சபாஷ் போட்டுக்கொண்டிருந்தோம்.

“ஆச்சி, இது நீங்கள் கொடுக்கவேண்டியதில்லை. அவர்கள் உங்களுக்குக் கொடுக்கவேண்டியது. அவர் உழைத்த வருஷங்களுக்குக் கணக்குப் பண்ணிக் கொடுக்கும் பணம்.”

“சர்வீசுப் பணமா?” என்றாள் ஆச்சி. சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அதை அப்படியே எழுதப்படாதாக்கும்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அன்றிரவு முழுவதும் யோசித்தோம். அந்நாளில் நடப்பிலிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி உழைத்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வருகிறது. இது யாருடைய தயவும் அன்று. இங்கிலீஷ் வார்த்தை தயவு என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து முளைத்தது. முதலாளி மனமிரங்கி அளித்த காலத்தில் அது பொருத்தமாயிருந்திருக்கலாம். சட்டம் அதை உரிமையாக்கிற்று. தமிழில் பெயர்த்த நாமோ வேரைத் தோண்டிக் கொடையை வெளியே எடுத்துவிட்டோம்! மில் தொழிலாளி இங்கிலீஷும் தமிழும் கலந்து சர்வீசுப் பணம் என்கிறான். அவன் சொல்லில்தான் சட்டத்தின் கருத்து இருக்கிறது. வலசை என்றால் பிழைப்பைத் தேடிக் குடிபெயர்வது; குத்துக்கல் நட்ட இடத்தில் நிற்பது. அந்த ஊர்ப் பெயரை அன்றிரவு நாம் ஏனோ பல முறை சொல்லிப் பார்த்தோம்.

மறுநாள் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். கெடு தாண்டி நாலு மாதம் ஆகியிருந்தது. தக்க காரணம் இருந்தால் தாமதத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று விதியிலேயே இருப்பதால் தைரியமாக இருந்தோம். காரணம் எழுத வேண்டிய இடத்தில், ‘கடிதத்தின் பொருள் விளங்காமையால்’ என்று எழுதி ஆச்சிக்கு வாசித்துக் காட்டினோம்.

ஆச்சியின் முகம் மாறிவிட்டது. “நான் தற்குறின்னுல்லா நினைப்பாவ! விளங்காமெ என்ன? அவிய எழுதினது எனக்கு நல்லா விளங்கிச்சு. கொடைன்னு எழுதியிருந்தாவ, கொடைன்னு எடுத்துக்கிட்டேன்.”

அவள் சொன்னது நியாயம். எழுதியதை அடித்துவிட்டு, ‘பணிக்கொடை என்று கண்டிருந்ததைக் கோயில் கொடை என்று கருதியமையால்’ என்று திருத்தினோம். ஆச்சி ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். புரட்டாசியில் பணம் வந்துவிட்டதாக உறவினர் டெலிபோனில் தெரிவித்தார்.

நண்பருக்குக் காகிதக் கட்டை அனுப்பும்போது, ‘கிராஜுவிட்டி’க்கு நேரே பணிக்கொடையை அடித்துவிட்டு, ‘உழைத்த ஆண்டுகளுக்குரிய சர்வீசுப் பணம்’ என்று எழுதியிருந்தோம். அவர் உடனே கூப்பிட்டார். கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றும், அரசாங்கச் சொல் வேறாயிற்றே என்றும் ஆட்சேபித்தார். அரசாங்கச் சொல்லையும் பக்கத்தில் போடுங்கள், ஆனால் இதை எடுக்க வேண்டாம், கட்டத்தை அகலமாக்குங்கள் என்றோம். அச்சாகி வந்த புத்தகம் இப்போது நம் மேஜைமேல் இருக்கிறது. நானூறு சொற்களில் அந்த ஒன்று மட்டும் மூன்று வரிக்கு மடங்கி, பக்கத்தின் அழகைக் கொஞ்சம் கெடுத்துக்கொண்டு நிற்கிறது.