கறுப்புப் பட்டையின் பூர்வீகம்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் படகிலே என் அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், கனடாவிலுள்ள மகன் அனுப்பிய காசை எடுப்பதற்காக யாழ்ப்பாணம் செல்பவர், தம் வங்கி அட்டையின் முதுகிலோடும் கறுப்புப் பட்டையைச் சுட்டி, "இதுக்குள்ளயோ தம்பி காசு கிடக்கு?" என்று வினவினார். அவ்வினாவுக்குச் செவ்வையான விடையளிக்க வேண்டும் என்ற விருப்பமே என்னை அப்பட்டையின் பூர்வீகத்தைத் தேடச் செய்தது.

முதற்கண் டென்மார்க்கு தேசத்தை அடைந்தேன். அங்கே வால்டெமார் பவுல்சன் என்பவர் 1898இல் உருக்குக் கம்பியிலே மனிதக் குரலைக் காந்தமாகப் பதித்து, அதனை மீண்டும் ஒலிக்கச் செய்தார். சிகரெட் தாளுக்குப் பொன்னிறக் கோடிடும் தொழிலறிந்த பிரிட்ஸ் புளோய்மர், அந்தக் கைவன்மையைக் கொண்டே 1928இல் ஜெர்மனியில் காகித நாடாவின்மேல் இரும்புத் துகளைப் பூசினார்.

அந்நாடா அட்டையில் ஏறிய வரலாறே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் உத்தியோகத்தருக்கு அடையாள அட்டை சமைக்க முற்பட்ட ஐபிஎம் பொறியியலாளர் பொரெஸ்ற் பாரி, எப்பசையைத் தடவினும் நாடா பழுதாவது கண்டு சோர்ந்து வீடு திரும்பியபோது, துணிகளை ஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி டொரதியா, அந்தச் சூட்டினாலேயே நாடாவை ஒட்டிப் பார்க்கலாமே என்றார், நாடாவும் ஒட்டிக்கொண்டது. விஞ்ஞான சரித்திரம் எழுதுவோர் அப்பெண்மணியின் பெயரை விடாது எழுத வேண்டும்.

பட்டையில் மூன்று வரிகள் உண்டு. முதல் வரி பெயருடன் 79 எழுத்துகள் வரையும், இரண்டாவது 40 இலக்கங்கள் வரையும் கொள்ளும். அட்டை இலக்கமும் காலாவதித் திகதியும் அவற்றுள் அடங்கும். காசு கிடப்பதோ வங்கியின் கணக்கில். வரி நெடுகிலும் காந்தத் திசை சமதூரத்தில் மாறுகிறது. இரு மாற்றங்களின் நடுவே மேலுமொரு மாற்றம் இருப்பின் அது 'ஒன்று', இல்லையேல் 'பூச்சியம்'. அட்டை அசையாது கிடந்தால் இயந்திரம் எதனையும் அறியாது. ஏனெனில், மாறும் காந்தப்புலமே கம்பிச்சுருளில் மின்னைப் பிறப்பிக்கும் என்று மைக்கல் பரடே 1831இல் கண்ட விதியே இங்கு ஆட்சி செலுத்துகிறது. கை விரைந்து இழுத்தாலும் தாமதித்து இழுத்தாலும் வாசிப்புப் பிழைப்பதில்லை. சமதூர மாற்றங்களே தாளம்போல நின்று வேகத்தை உணர்த்திவிடுகின்றன.

எனினும், என்றும் மாறாத இவ்வெழுத்தை எந்த வாசிப்புக் கருவியும் பிரதி செய்துவிடும் என்பது இதன் தீராத குறை. இப்போது அட்டைகளில் பதிக்கப்படும் சிப்போ ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதிய சங்கேதம் ஒன்றை ஆக்குகிறது. ஆதலால், 2033க்குள் தன் அட்டைகளிலிருந்து பட்டையை முற்றாக நீக்குவதாக மாஸ்டர்காட் நிறுவனம் 2021இல் அறிவித்தது.

அதுவரை, காசு எடுக்கும் இயந்திரத்திலே, பட்டையில் வெளிப்படையாக எழுதப்படாத இரகசிய இலக்கம் ஒன்றே பிரதி எடுப்பவனுக்கும் உங்கள் காசுக்கும் இடையே நிற்கிறது. ஆகவே, கடல்கடந்து போக இயலாத தீவகத்துப் பெரியோரே, அவ்விலக்கத்தைத் துண்டில் எழுதி அட்டையுடன் பிறர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள்.