ரெண்டரை மணி அலாரம்

திருவிடந்தையில் கோயில் வாசல் மாலைக் கடைகள் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும். நித்ய கல்யாணப் பெருமாளிடம் வரன் வேண்டி வருகிறவர்கள் காலையிலேயே வந்து இறங்கிவிடுவார்கள். அர்ச்சனை முடிந்து தரும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று. கல்யாணம் முடிந்ததும் அதே காய்ந்த மாலையோடு ஜோடியாக இன்னொரு முறை வர வேண்டும். பூக்காரர்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது.

பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை. ஈசிஆர் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை அடிபட்டுக் கிடந்தது. கடையில் எலி அண்டாமல் பார்த்துக்கொண்ட பூனை. மாலை கட்டும் ஆயா அதை ஓரமாக எடுத்துப் போடக் குனிந்தவர், வயிற்றைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"பால் கட்டியிருக்குது பாரு. எங்கயோ குட்டி போட்டு வச்சிருக்கு."

கூட வந்த பேத்தி பிளஸ் டூ. பொதுத்தேர்வு தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. கையில் இருந்த இயற்பியல் கைடைக் கடையிலேயே போட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டன. கடைக்குப் பின்னால், வாழைநார் மூட்டைகளுக்கும் காலிப் பூக்கூடைகளுக்கும் நடுவே நான்கு குட்டிகள். கண் திறக்கவில்லை. தொப்புள்கொடி காய்ந்து நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்து மூன்று நாள் இருந்தால் அதிகம். ஒன்று ஏற்கெனவே விறைத்துப்போயிருந்தது. மற்ற மூன்றும் கத்தவே இல்லை. பசித்த குட்டி கத்தும். குளிரில் ஒடுங்கிப்போன குட்டி கத்தாது. அதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி.

பேத்தி டீக்கடையில் அரை டம்ளர் பசும்பால் வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மொதல்ல பாலைக் கீழ வைடி. ஜில்லுனு கெடக்குற வயித்துல பால ஊத்துனா எப்படிச் செரிக்கும்?"

ஆயா மூன்றையும் துடைத்து, புடவைக் கொசுவத்துக்கு மேலே வயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டு, அப்படியே உட்கார்ந்து மாலை கட்டத் தொடங்கினார். இது அவருக்கு யாரும் போனில் காட்டிக் கொடுத்ததல்ல. இதே பேத்தி எட்டாம் மாதத்தில் ஒன்றரைக் கிலோ சொச்சம் எடையோடு பிறந்தவள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு கட்டி வைக்கச் சொன்னார்கள். தாய்க்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் ஆயாதான் நெஞ்சில் சுமந்தார். கங்காரு முறை என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் 1978-ல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய வழி. ஆயாவுக்குப் பொகோட்டா எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் சூடு முதலில், பால் பிறகு என்பது தெரியும்.

கால்நடை மருத்துவரும் பிறகு அதையேதான் சொன்னார். முதல் மூன்று வாரம் பூனைக்குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் ஊற்றும் பால் உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகும். சூட்டையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தால், அதிகச் சூடு பட்டால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் இருக்கும்.

ஒரு மணி நேரத்தில் கொசுவத்துக்குள்ளிருந்து முதல் 'மீ' கேட்டது. ஆயா சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ப் பழைய பாலாடையைத் தேடி எடுத்து வந்தார். மூன்று தலைமுறைக்குப் பால் புகட்டிய பாலாடை. கைக்குழந்தையைப் போலவே ஒரு குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டு, டீக்கடைப் பாலில் இரண்டு சொட்டு ஊற்றினார். மூன்றாவது சொட்டு மூக்கு வழியாக வந்தது. குட்டி தும்மியது, ஆயா பதறிப்போய்க் கவிழ்த்துத் துடைத்தார். அதற்குள் பேத்தி போனில் தேடிப் படித்துவிட்டாள்.

"ஐயோ ஆயா, மல்லாக்கப் போடக் கூடாதாம்! அம்மாகிட்ட குடிக்கிற மாதிரி கவுந்தபடிதான் குடிக்கணுமாம்."

தாய்ப்பூனையிடம் குட்டி வயிறு தரையில் பட, தலையைக் கொஞ்சம் தூக்கிக் குடிக்கும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடலாம். பசும்பாலும் ஆகாது. அதில் புரதம் பூனைப் பாலில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கும் வந்துவிடும். இத்தனை சின்ன உடம்பு ஒருநாள் வயிற்றுப்போக்கைக்கூடத் தாங்காது. அன்று மதியமே பேத்தி பஸ் ஏறிக் கேளம்பாக்கம் போய், பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடர் டப்பாவும், சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் காம்பு வைத்த பாட்டிலும் வாங்கி வந்தாள். டப்பாவின் விலையைக் கேட்ட ஆயா, "இதுல நம்ம வீட்டுக்கு ஒரு மாச பால் வாங்கலாமே" என்றதோடு சரி. பணத்தைக் கொடுத்தது அவர்தான்.

உதிரிப்பூ நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் குட்டிகளை நிறுத்துப் பார்த்தார்கள். 100, 95, 80 கிராம். மூன்றும் சேர்ந்து கால் கிலோ மல்லிகைக்குக் கொஞ்சம் அதிகம். பெயரும் பூக்கூடையிலிருந்தே வந்தது. மல்லி, சாமந்தி, துளசி. 80 கிராம்தான் துளசி. மூக்கில் பால் ஏறியதும் அதற்குத்தான்.

இரண்டரை, மூன்று மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் 3, 4 மில்லி. ராத்திரியும் அப்படித்தான். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தடவிவிட வேண்டும். தாய்ப்பூனை நாக்கால் நக்கித்தான் குட்டியைச் சிறுநீர் கழிக்க வைக்கும். மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகப் போகத் தெரியாது. "மூத்திரம் போறதுக்கும் ஒரு ஆள் வேணுமா இதுக்கு!" என்று ஆயா வியந்துபோனார். பாலைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்கிற பலர் இந்த ஒரு வேலையை விட்டுவிடுகிறார்கள். பால் குடித்த குட்டி வயிறு உப்பிச் செத்துப்போனது என்றால், காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

பேத்தியின் அம்மாவுக்கு ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து பார்த்தவர் கொதித்துப்போனார்.

"பரீட்சைய வச்சுக்கிட்டு பூனைக்குத் தாதி வேலை பாக்குறாளா இவ? நீயும் சேர்ந்து ஆடுற பாரு!"

"நீ போய்த் தூங்குமா. ராத்திரிக்கு நான் பாத்துக்கறேன். பாப்பா படிக்கட்டும்" என்றார் ஆயா. ஆனால் அலாரம் வைக்கத் தெரிந்தது பாப்பாவுக்குத்தான். பன்னிரண்டு மணி பாலை அவள் கொடுத்துவிட்டுப் படுப்பாள். ரெண்டரை மணி ஆயாவின் முறை. அலாரம் அடிப்பது பேத்தியின் தலைமாட்டில். அதனால் ரெண்டரைக்கு இருவருமே எழுந்தார்கள். ஐந்து மணி பால் யார் கணக்கு என்று முடிவாகாமலே இருந்தது.

நான்காம் நாள் துளசியின் எடை ஐந்து கிராம் இறங்கியிருந்தது. ஆரோக்கியமான குட்டி நாளுக்குப் பத்து, பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும், இறங்கினால் உடனே டாக்டர். மூச்சு விடும்போது கொரகொரவென்று சத்தம் வேறு. மருத்துவர் மருந்து கொடுத்தார், நம்பிக்கை கொடுக்கவில்லை. மறுநாள் விடியும் முன் ஆயாவின் கொசுவத்துக்குள்ளேயே அது அடங்கிவிட்டது.

மீதி இரண்டையும் காட்டப் போனபோது ஆயா கேட்டார், "நான் அன்னிக்கு மல்லாத்தி ஊத்துனேனே சார், அதனாலயா?"

மருத்துவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தாய் இல்லாத இந்த வயசுக் குட்டிங்க காரணமே தெரியாமலும் போயிடும்மா. அன்னிக்கு நீங்க சூடு கொடுக்கலைன்னா மூணுமே போயிருக்கும்."

ஆயா அதை ஏற்றுக்கொண்டாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, நந்தியாவட்டைச் செடிக்குக் கீழே துளசியைப் புதைத்த இடத்தில் மண்ணை இன்னொரு தடவை அழுத்திவிட்டார். பாலாடையைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். அன்று காலை ஐந்து மணிப் பாலைக் கொடுத்தது பேத்தியின் அம்மா. யாரும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஐந்து மணி அவர் கணக்கு.

தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்ற யானைக்குட்டிகளை வளர்த்த கதை 2023-ல் ஆஸ்கர் வரைக்கும் போனதே, அந்தப் படத்தை அவர் ரிசார்ட்டில் கூட வேலை செய்கிறவர்களோடு போனில் பார்த்திருக்கிறார். "யானைக்கு வாளியில ஊத்தலாம். இது வாய் எங்க இருக்குன்னே தெரியலையே" என்பதுதான் அவர் வைத்த ஒரே குறை.

ரெண்டரை மணிக்குத் திருவிடந்தையில் அலைச் சத்தம் மட்டும்தான் இருக்கும். சில ராத்திரிகளில் கடற்கரைப் பக்கம் டார்ச் வெளிச்சம் நகர்ந்துபோகும். பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடிப் போகிறவர்கள். அந்த ஆமை நூறு முட்டைக்கு மேல்கூட இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குள் போய்விடும். குஞ்சின் முகத்தை அது பார்ப்பதே இல்லை. குஞ்சும் மணலுக்கு மேலே வந்ததுமே தானாகத் தண்ணீரை நோக்கி ஓடும். தெற்கே கொஞ்ச தூரத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணை; 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அங்கே இருக்கும் சதுப்பு முதலை, குஞ்சுகள் உள்ளிருந்து குரல் கொடுத்ததும் கூட்டைத் தோண்டி, வாயில் கவ்விக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடும். அந்தப் பல்லுக்கு நடுவில் ஒரு கீறல்கூட விழாது. பூனைக்கு இரண்டும் போதாது. பால், சூடு, நாக்கு மூன்றும் வாரக்கணக்கில் வேண்டும். அதைத்தான் ஒரு பூக்காரக் கிழவியும், கண் சொக்கச் சொக்க மின்னோட்டவியல் படிக்கும் பெண்ணும், ஓட்டல் விரிப்பு மடிக்கிற அம்மாவும் பங்கு போட்டுச் செய்துகொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் மல்லி ஒரு கண்ணைத் திறந்தது. மறுநாள் இன்னொன்று. எல்லாக் குட்டிக்கும் முதலில் இருக்கிற அதே மங்கிய நீலம். சாமந்திக்கு மூன்று நாள் தாமதம். காதுக்குப் பின்னால் உண்ணி தெரிந்ததும் பக்கத்துக் கடைக்காரர் அன்பாக நாய்க்குப் போடும் உண்ணிப்பவுடரைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, பேத்தி மருத்துவருக்குப் போன் செய்தாள். அதில் பெர்மெத்ரின் என்ற மருந்து இருந்தால் பூனையைக் கொன்றுவிடும் என்றார். பேன்சீப்பால் வாரி எடுத்ததோடு முடிந்தது.

மார்ச் நடுவில், இரண்டு தேர்வுகளுக்கு இடையில், அம்மா ரிசார்ட்டிலிருந்து போன் செய்தார். ஜெனரேட்டர் ரூம் பின்னால் ஐந்து குட்டி, தாயைக் காணோம், அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்து வரட்டுமா?

"குட்டிங்க சூடா இருக்குதாம்மா? வயிறு நெறஞ்சிருக்கா? கத்துதா?"

"தொட்டா சூடாத்தான் கீது. ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டுத் தூங்குதுங்க."

"அப்போ தொடாத, தள்ளி வந்துடு. அம்மா பூனை எர தேடப் போயிருக்கும். சுத்தி மணல்தானே, புதுசா கால் தடம் விழுதான்னு சாயங்காலம் பாரு."

சாயங்காலம் தடம் பார்க்கவே தேவைப்படவில்லை. தாய்ப்பூனையே குட்டிகளோடு படுத்திருந்தது. நல்ல மனசுள்ளவர்கள் தூக்கிக்கொண்டு போவதாலேயே அநாதையாகிற குட்டிகள் நிறைய. தாய் மணிக்கணக்கில் வெளியே போகும். இடம் மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் தூக்கிப் போகும், நடுவில் ஒன்று தனியாகக் கிடப்பதும் உண்டு. செத்துக் கிடந்த தாயைக் கண்ணால் பார்த்துவிட்டு எடுத்த குட்டிகள் வேறு, இவை வேறு.

நான்காவது வாரம் மல்லி ரப்பர் காம்பைக் கடித்துத் துப்பியது. ஆயா காரப்பொடி மீனை உப்பு, மிளகாய் இல்லாமல் வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, பவுடர்ப் பாலில் மசித்து வைத்தார். இரண்டும் அதற்குள் நடந்துபோய் நின்றன. பழைய தட்டில் கடற்கரை மணலைக் கொட்டி வைத்ததும், யாரும் சொல்லித் தராமலே சாமந்தி குழி பறித்து உட்கார்ந்து, பிறகு மூடியது. பஞ்சு டப்பாவை அன்றே மூடி வைத்துவிட்டார்கள். அலாரமும் நின்றது.

ஏப்ரல் கடைசியில் காய்ந்த மாலையோடு ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். போன வருஷம் இதே கடையில் மாலை வாங்கிய பெண். கூடைக்குள் சாமந்தியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். ஆயா பெண் கொடுக்கிற வீட்டைப்போல விசாரித்தார். எத்தனாவது மாடி, ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, வேலைக்குப் போனால் வீட்டில் யார், மாமியாருக்குப் பூனை ஆகுமா? முதல் தடுப்பூசி போட்டாச்சு, அடுத்ததை நீங்கள் போட வேண்டும், ஆறு மாதத்துக்குள் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றாள் பேத்தி.

"சரி பாட்டி, எல்லாம் செய்றோம். இது ஒண்ணு குடுங்க."

"ஒண்ணா தர மாட்டேன். ரெண்டும் சேர்ந்துதான். பிரிச்சா ராத்திரியெல்லாம் கத்தும்."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். மனைவி ஏற்கெனவே மல்லியையும் எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

அன்று ராத்திரி பேத்திக்கு விழிப்பு வந்தபோது போனில் மணி ரெண்டரை. அலாரம் நின்று ஒரு மாதம் ஆகிறது. முன்னறையில் லைட் எரிந்தது. ஆயா வாழைநாரும் சம்பங்கியுமாக உட்கார்ந்திருந்தார்.

"தூங்கலையா ஆயா?"

"காலையில முகூர்த்தம் கண்ணு. மாலை கட்ட வேணாமா?"

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பூவை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.