நான் இட்ட தலைப்பு

2004 செப்டெம்பர் நடுப்பகுதி. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்திற்கு அப்போது நானே பொறுப்பு. அச்சுக்குப் போகும் நேரத்தில் செய்தி முகவரகம் ஒன்றின் தகவல் வந்தது. செப்டெம்பர் 14 மாலை, தென் கலிபோர்னிய வான்பரப்பைக் கண்காணிக்கும் பாம்டேல் கட்டுப்பாட்டு நிலையத்தின் வானொலித் தொடர்பு முற்றாக அறுந்துவிட்டது. மாற்று ஏற்பாடும் உடனே கைவிட்டது. வானில் சுமார் 400 விமானங்கள். "திசை தெரியாமல் தவித்த 400 விமானங்கள்" என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் முற்பகல் ஓய்வுபெற்ற விமானி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, திசை தெரியாமற் போனது விமானிகளுக்கா, உமக்கா?" என்பதே முதற் கேள்வி.

பிறகு பாடம் நடத்தினார். தொடர்பு அறுந்தால் விமானி தமது அடையாளச் சமிக்ஞைக் கருவியில் 7600 என்ற எண்ணை இடுவார். அவரால் பேச இயலவில்லை என்பதை அது ராடர் திரையில் அறிவிக்கும். வானம் தெளிவாயின், மேகத்துள் புகாது பார்வையாலேயே பறந்து பொருத்தமான நிலையமொன்றில் இறங்கவேண்டும். மேகமூட்டமாயின் கடைசியாக அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகலாகாது. உயரத்திற்கும் விதி உண்டு. கோபுரத்திலிருந்து நிலையான பச்சை ஒளி தெரிந்தால் தரையிறங்கலாம்; நிலையான சிவப்பாயின் மற்றவருக்கு வழிவிட்டு வட்டமிடவேண்டும்.

"அந்த வேளையில் கெட்டித்தனம் காட்டக்கூடாது. நீர் என்ன செய்வீர் என்று கீழே இருப்பவன் சரியாக ஊகிக்கவேண்டும். அப்போதுதான் மற்றவர்களை உம்மிடமிருந்து விலக்கி வைப்பான்."

"அப்படியானால் ஆபத்தே இருக்கவில்லையா ஐயா?" என்று கேட்டேன். சற்று மௌனமானார். இருந்தது என்றார். அந்த விதிகள் ஒரு விமானம் ஊமையாகும் வேளைக்காக எழுதப்பட்டவை. அன்று ஊமையானது தரை. இரண்டு புள்ளிகள் நெருங்குவதைத் திரையில் கண்டும் கட்டுப்பாட்டாளரால் எச்சரிக்க முடியவில்லை. சொந்தக் கைத்தொலைபேசிகளை எடுத்து அயல் நிலையங்களை அழைத்தார்கள். குறைந்தது ஐந்து தடவைகள் விமானங்கள் விதிக்கப்பட்ட இடைவெளியை மீறி நெருங்கின. விமானங்களிலேயே பொருத்தியிருந்த மோதல் தவிர்ப்புக் கருவி கைகொடுத்தது.

காரணம் பின்னர் வெளிவந்தது. அந்நிலையத்துக் கணினியின் உள்ளே மில்லிசெக்கன்களைக் குறைத்துக்கொண்டே போகும் கணக்கி ஒன்று இருந்தது. சுமார் 50 நாட்களில் அது பூச்சியத்தை அடையும். அடைந்தால் எல்லாம் நின்றுவிடும். அதனால் 30 நாட்களுக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கவேண்டும் என்ற ஏற்பாடு. அந்தத் தடவை அது செய்யப்படவில்லை. அதை நான் நான்கு வரிகளில் போட்டேன் என்பதை இப்போது எண்ண வெட்கமாயிருக்கிறது.

திருத்தம் வெளியிடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "ஒருவரும் சாகவில்லையே, தலைப்புக்கெல்லாம் திருத்தமா?" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. விமானியும் அதன் பின்னர் அழைக்கவில்லை.

"கண்டும் சொல்ல முடியாத கட்டுப்பாட்டு நிலையம்" என்று இட்டிருக்கலாம். பக்கத்தில் அதற்கு இடம் இருந்தது.