பிடுங்கிய பல்லும் தாடை மூட்டும்

2019ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை மாலை. ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தபோது, வலக் காதுக்கு முன்புறம் 'டக்' என்று ஓர் ஓசை எழுந்தது. அடுத்த கணம் வாய் பாதிக்கு மேல் திறக்க மறுத்துவிட்டது. எஞ்சியதை உபதேசியார் வாசித்து முடித்தார். துக்கம் என் தொண்டையை அடைத்ததென்று மக்கள் எண்ணிக்கொண்டார்களாம்! அந்தப் பெருமைக்கு நான் உரியவனல்லன்.

வலி பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது. காதுவலி என்று கருதி முதலில் சொட்டுமருந்து விட்டேன். பின்னர்ப் பல்வலி என்று நானே தீர்மானித்து, பல் மருத்துவர் ஒருவரை வற்புறுத்திக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கச் செய்தேன். பல் போயிற்று, வலி போகவில்லை. பிடுங்கிய பல்லில் சொத்தை ஏதுமில்லை.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் முகத்தாடை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். பெரும்பாலோர்க்கு நுழையுமாம், எனக்கு இரண்டுகூட நுழையவில்லை.

கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை, காதுக்குச் சற்று முன்னே மண்டையோட்டோடு கூடுகிறது. கதவுக் கீல்போல் சுழல்வதோடு முன்னோக்கி வழுக்கவும் வல்ல மூட்டு அது. எலும்புகளுக்கு நடுவே சிறு வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. அது இடம் பெயர்ந்தால் ஓசை எழும். சில வேளை வழிமறித்து வாயைப் பூட்டிவிடும். வலியற்ற வெறும் ஓசைக்கு மருத்துவமே தேவையில்லை. அடிபடுதல், மூட்டுவாதம் எனக் காரணங்கள் பல உண்டெனினும், மெல்லும் தசைகளின் ஓயாத இறுக்கமே பலருடைய வலிக்குக் காரணம்.

"ஃபாதர், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். உடன் வந்திருந்த உபதேசியார் தயங்கித் தயங்கி, "தாழ்வாரத்தில் படுத்திருக்கும் எனக்கே கேட்கிறது, சாமி" என்றார்.

திருவிழாக் கணக்கை முன்னிட்டுப் பங்கு இரண்டுபட்டிருந்த சமயம் அது. இரு தரப்பாரிடமும் புன்முறுவலோடு பேசி வந்தேன். பொறுமை என்று நான் எண்ணியிருந்தது, இரவெல்லாம் பற்களுக்கிடையே அரைபட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவமோ மிக எளியது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே தொடவேண்டும். மற்ற நேரங்களில் உதடுகள் மூடியிருந்தாலும் பற்கள் விலகியே இருக்கவேண்டும். ஐம்பது வயதைக் கடந்த எனக்கு இது புதுச் செய்தி! சில வாரங்களுக்குக் கஞ்சியும் இட்லியும். முறுக்கும் கரும்பும் விலக்கு. கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கவேண்டும். வெந்நீர் ஒத்தடம், சில நாள் மாத்திரை, மெல்லத் திறந்து மூடும் பயிற்சி, இரவில் பற்களுக்கு ஓர் அக்ரிலிக் உறை, அவ்வளவே.

அறுவை சிகிச்சை வேண்டாமா என்று கேட்டேன். மருத்துவர் சிரித்தார். 1934இல் காஸ்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் பல்லிழப்பை இந்நோய்க்கு மூலமாகக் கூறினார். அக்கொள்கை பின்னர் நிலைக்கவில்லை. 1980களில் அமெரிக்காவில் பலருடைய மூட்டுக்குள் பொருத்தப்பட்ட டெஃப்லான் வட்டுகளோ சிதைந்து எலும்பையே அரித்தன. மீளமுடியாத சிகிச்சைக்கு அவசரப்படலாகாது என்றார். பிடுங்கிய பல்லை நினைத்துக்கொண்டேன்.

ஆயினும் வாய் திறவாமையெல்லாம் மூட்டு நோயன்று. பாக்கு மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்தோல் இறுகி வாய் குறுகும். அது புற்றுநோயாகவும் மாறக்கூடும். தாடை வலியோடு மார்பில் அழுத்தமும் வியர்வையும் கண்டால், இதயத்துக்காக உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். முதியோர்க்கு மெல்லும்போது வலியும், நெற்றிப்பொட்டில் புதிய தலைவலியும், பார்வை மங்கலும் சேர்ந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

ஆறு வாரங்களில் எனக்கு மூன்று விரல் நுழைந்தது. அதற்குள் கணக்குப் புத்தகத்தை இரு தரப்பார் முன்னும் விரித்துவைத்து, சொல்லவேண்டியதைச் சொல்லியும்விட்டேன். அப்பங்கை விட்டு மாற்றலாகும் நாள்வரை சிலர் என்னோடு பேசவில்லை. பல் இருந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. முறுக்கை இடப்பக்கமாகவே மெல்லுகிறேன்.