அரிசியில் கண்ட அளவு

புற்றுநோய்க்கு இடது மார்பகத்தைப் பறிகொடுத்த இடத்தில் 12 ஆண்டுகளாக இருந்த சிலிகான் பை கிழிந்துவிட்டது. 1962-ல் ஹூஸ்டனில் முதல் பை பொருத்தப்பட்டதிலிருந்து இன்றுவரை, ஆயுசுக்கும் உழைக்கும் பை வந்ததில்லை.

"பழைய 350 சி.சி.யே வைக்கலாமா?" என்றார் ஹைதராபாத் டாக்டர். இதற்குள் நான் இளைத்திருந்தேன். வலது பக்கமும் சிறுத்திருந்தது. பழைய காலுறையில் அரிசியை அளந்து நிரப்பி, ரவிக்கைக்குள் வைத்து நடமாடினேன். 350-ல் புடவை ஒரு பக்கம் தூக்கியது. 275-ல் ஒழுங்காக விழுந்தது. டாக்டர் மார்பின் அகலத்தை அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார்: பை அகலம் மிஞ்சினால் ஓரம் தெரியும், கனம் மிஞ்சினால் தோல் தொய்யும்.

மதுரையிலிருந்து அம்மா போனில் சொன்னாள்: "பாரமில்லாததா வச்சுக்கோடி."

'சைஸ்' என்பதை 'அளவு' என்று எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். அதற்குள் 'போதும்' என்பதும் இருப்பது இப்போதுதான் புரிந்தது.