காற்று நுழைந்த வழி

'செல்ஃப் எடுக்கவில்லை' என்பதும் 'வண்டி எடுக்கவில்லை' என்பதும் ஒன்றல்ல. டீசல் வண்டியோடு பழகாதவர்களுக்கு இரண்டும் ஒரே புலம்பலாகத்தான் கேட்கும். பட்டறைக்காரருக்கோ முதல் வாக்கியம் பேட்டரி, வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று கைகாட்டுகிறது. இரண்டாவது அவற்றையெல்லாம் விடுவித்துவிட்டு டீசலை விசாரிக்கச் சொல்கிறது. 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்னும் தொடரில் தலைச்சொல் உதிர்ந்துபோய், அடைமொழியாக இருந்த 'செல்ஃப்' மட்டும் நின்று பெயராகிவிட்டது. தமிழ்ப் பட்டறையும் மலையாளப் பட்டறையும் ஒரேபோலச் செய்துகொண்ட சுருக்கம் இது.

மட்டாஞ்சேரியில் நான் தங்கியிருப்பது, சரக்கு ஏற்றி இறக்குவோர் பேச்சில் தமிழும் மலையாளமும் உரசிக்கொள்ளும் விதத்தை ஆராய்வதற்காக. பஜார் சாலையின் பழைய கிடங்குகளுக்கு முன்னால் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். குஜராத்தியும் கொங்கணியும் கலந்து ஒலிக்கிற அந்தத் தெருவில் தமிழ் பெரும்பாலும் லாரிகளோடு வந்து லாரிகளோடு திரும்பும். தமிழ்நாட்டு லாரிக்குக் கேரளத்தில் 'பாண்டி லாரி' என்றொரு பெயர் உண்டு. அதில் சிறிது கேலியும் உண்டு. என் குறிப்பேட்டில் அச்சொல்லுக்கு மட்டும் மூன்று பக்கங்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அதிகாலை நான்கரை மணிக்கு அங்கே நின்றது லாரி என்றுகூடச் சொல்லமுடியாத ஒரு பழைய டாடா 407. ஓட்டிவந்தவரே உரிமையாளர், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். தோட்டத்துக்கு எருவும் கொடிப்பந்தலுக்குக் கல்தூணும் சுமக்கிற அதே வண்டியில்தான் அறுவடையையும் ஏற்றிக்கொண்டு குமுளி வழியாக இறங்குவார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வண்டிக்கு அப்படியொரு மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. பாதிப் பெட்டிகளை இங்கே இறக்கியாயிற்று. மீதியை எறணாகுளம் சந்தையில் ஆறு மணிக்குள் சேர்க்கவேண்டும். பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது. புழுக்கத்தில் ஒரு பகல் நின்றாலே காம்பிலிருந்து உதிரத் தொடங்கிவிடும், அதன்பிறகு யாரும் விலை கேட்கமாட்டார்கள்.

"செல்ஃப் நல்லா அடிக்குது தம்பி, வண்டிதான் பிடிக்க மாட்டேங்குது" என்றார். ஒரு மாதமாகவே காலையில் இந்தத் தொல்லை. ஊரில் ஒரு மெக்கானிக், பம்பையே கழற்றி வேலை பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் செலவை நினைத்து, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

சுமைதூக்கும் இளைஞன் ஒருவன் பின்சந்துக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஆசானை எழுப்பி அழைத்துவந்தான். கேரளத்தில் பட்டறைத் தலைவரை 'ஆசான்' என்றுதான் அழைக்கிறார்கள். நம்மூரில் ஏட்டுக்குள் ஒதுங்கிவிட்ட சொல், அங்கே கிரீஸ் படிந்த கையோடு நடமாடுகிறது.

ஆசான் வண்டியைத் தொடவில்லை. "புக உண்டோ?" என்று கேட்டார். புகை வருகிறதா என்பதே முதல் கேள்வி. செல்ஃப் சுற்றும்போது புகைக்குழாயில் வெள்ளைப்புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. இங்கே ஒரு கீற்றுகூட இல்லை. எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கி நிற்கிறதா என்று பார்த்தார்; சரியாகவே இருந்தது. டேங்கிலும் டீசல் இருந்தது. "இனி செல்ஃப் அடிக்கண்டா" என்று சாவியை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேட்டரியின் மிச்ச உயிரைக் காக்கும் வழி அது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அதன் இடத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழாக நெருக்கினால் அது 500 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அந்தக் கொதிப்பில் டீசலைப் பனியாகத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். தூவுகிற நாசில் திறப்பதற்கு, இவ்வகை எஞ்சினில், வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் வேண்டும். டீசல் நெருங்காத பொருள் என்பதால் பம்பு தள்ளும் அழுத்தம் அப்படியே நாசிலைச் சென்றடைகிறது. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால், பம்பின் உழைப்பெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளியதே அழுத்தப்பட்ட காற்றுதான் என்பது ஒரு வேடிக்கை. பாஷ் நிறுவனம் 1927இல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தபின், அதுவரை ஏவலாளாக இருந்த காற்று எதிரியாகிவிட்டது. 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைகோ, 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. பட்டறைகளில் இன்னும் அது 'மைகோ பம்பு'தான்.

ஆசான் ஃபில்டரின் மேல் திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினார். சோடாவைப்போல் நுரைத்துக்கொண்டு டீசல் வந்தது.

"தெனமும் காலையில இதத்தானே நானும் செய்யுறேன். ஏர் பிடிச்சிருக்கும், எடுத்துவிட்டுட்டுக் கெளம்பிருவேன். இன்னைக்கு அதுக்கும் மசியல" என்றார் தோட்டக்காரர்.

"எயர் கேறியதாணு. எவிடெந்நு கேறி?"

நான் குறிப்பேட்டைத் திறந்த இடம் இது. 'ஏர் பிடித்திருக்கிறது' என்னும்போது காற்று ஒரு பீடைபோல வந்து பற்றியிருக்கிறது, விரட்டினால் போதும். 'கேறி' என்றால் ஏறியது, உள்ளே புகுந்தது. புகுந்ததென்றால் ஒரு வாசல் இருக்கவேண்டும். ஒருவர் மாதம் முழுவதும் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். மற்றவர் அது வந்த வழியைக் கேட்டார். மொழியே சிந்தனையை நடத்துகிறது என்று இதைவைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம். எழுதினால் அது பொய்யாகும். தமிழ்ப் பட்டறைகளில் 'எங்கேயோ ஏர் வாங்குது' என்றும் சொல்வார்கள். வாங்குவதற்கும் ஓர் இடம் வேண்டுமே. இருவரையும் பிரித்தது பட்டறை அனுபவமே என்று நினைக்கிறேன். ஆனாலும் நான் மொழிபெயர்த்தபோது தோட்டக்காரர், "எங்கிட்டு இருந்து ஏறுச்சுன்னா கேக்குறாரு?" என்று சற்று நேரம் பேசாமல் நின்றார்.

பிறகு நடந்த சோதனை அழகானது. டேங்கிலிருந்து வரும் குழாயைப் பம்பின் வாயில் கழற்றிவிட்டு, வேறொரு குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு கேனில் இருந்த டீசலுக்குள் ஆசான் அமிழ்த்தினார். கைப்பம்பை அடித்ததும் நுரை தணிந்து, கண்ணாடிபோல டீசல் வந்தது. அப்படியானால் பம்பு குற்றவாளியில்லை. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில். பழைய குழாயைத் திரும்ப மாட்டும்போது நடுவே ஒரு சாண் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகினார். மீண்டும் அடித்தபோது, டார்ச் வெளிச்சத்தில் குமிழிகள் வரிசையாகப் போவதை நாங்கள் எல்லோருமே கண்டோம்.

"கீழ ஒரு சொட்டு ஒழுகலையே ஆசானே" என்றார் தோட்டக்காரர். நியாயமான ஐயம். ஆனால் அந்தப் பகுதியில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நிற்கும் நேரத்தில் குழாயிலுள்ள டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு காலையும் தொல்லை வந்ததன் காரணம் அதுவே.

டேங்கின் அருகே ரப்பர் ஹோஸ், கிளிப் இறுக்கும் இடத்தில் வெடித்திருந்தது. கிளிப்பைக் கழற்றும்வரை அது கண்ணுக்குத் தெரியவில்லை. அரையடிப் புது ஹோஸ் போட்டார். கழற்றிய இணைப்புகளின் காப்பர் வாஷர்களைத் தேநீர்க்கடை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். இறுகி இறுகிக் கடினமான செம்பு அப்போதுதான் மீண்டும் இளகி, இடுக்கை அடைக்குமாம். காற்றைக் கடைசியாக வெளியேற்ற நாசில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தியபோது, எட்டிப்பார்த்த இளைஞனின் கையைத் தட்டிவிட்டார். உயர் அழுத்த டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத் தெரியும், அறுவைசிகிச்சைவரை கொண்டுபோகும்.

பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டுச் செல்ஃப் அடித்ததும் முதலில் இருமல், பிறகு வெள்ளைப்புகை, பிறகு சீரான ஓட்டம். ஐந்தே முக்கால். ஆசான் கேட்டது ஹோஸின் விலையும் 200 ரூபாயும். தோட்டக்காரர் ஒரு பெட்டித் திராட்சையை இறக்கிவைத்தார். ஆசான் இரண்டு குலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெடித்த ஹோஸ் துண்டைத் தோட்டக்காரர் துடைத்து டேஷ்போர்டில் வைத்தார். ஊர் மெக்கானிக்கிடம் காட்டவேண்டுமாம். "பம்ப கழட்டச் சொன்னாருல்ல" என்று சொல்லிவிட்டுத் தோப்பும்படிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.